“அப்புறம்… வேற இன்னா?” என்று நின்றுபோகும் பேச்சை நகர்த்த ஒரு முழுமையான வழிகாட்டி

குடியாத்தத்தில் இருக்கும் அப்பாவுக்கு ராத்திரி எட்டரை மணிக்குப் போன் போடுவேன். வேலைக்காக வேலூர் வந்து தங்கிய நாளிலிருந்து இது வழக்கம்.

“சாப்டீங்களா நைனா?”

“ஆச்சு. நீ?”

“ஆச்சு. மழையா அங்க?”

“ஆமா, தூறுது.”

“அப்புறம்?”

“அப்புறம் இன்னா… ஒண்ணும் இல்ல.”

“சரி, வெச்சிடவா?”

ஒன்றரை நிமிஷம்கூட ஆகாது. பாசத்துக்குக் குறைவில்லை. ஆனால் போனை வைத்த பிறகு எனக்குள் ஏதோ ஒன்று குறைவது போலவே இருக்கும். அவருக்கும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். இப்படியே நாலு வருஷம் போயிற்று.

ஒரு ஐப்பசி ராத்திரி, அதே “தூறுது” வந்ததும் வாயில் வந்ததைக் கேட்டேன். “மழை பெய்ஞ்சா அந்தக் காலத்துல பாவுக்குக் கஞ்சி எப்டிப் போட்டீங்க நைனா?” அப்பா தறியில் கைலி நெய்தவர். பாவு என்றால் தறியில் நீளவாக்கில் ஓடும் நூல். தறியை விற்றுப் பல வருஷம் ஆகிறது. கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டது என்று நினைத்தேன். அப்புறம் ஆரம்பித்தார். விடியும் முன்னே பாவைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டுவது, அரிசிக் கஞ்சியைத் தோய்த்துப் பெரிய பிரஷ்ஷால் இரண்டு பக்கமும் ஆள் நின்று வாரிவிடுவது, வெயில் ஏறுவதற்குள் காயவைத்துச் சுருட்டுவது என்று வரிசையாகச் சொன்னார். ஒரு நாள் பாதியில் மழை பிடித்துக்கொண்டதாம். தெருவே ஓடிவந்து சுருட்டியும் பாவு நனைந்துபோய், கஞ்சி புளித்து, வீடு முழுக்க அந்த நாற்றம். அந்த வாரம் கூலி இல்லை. ஆயாவின் கம்மல் அடகு கடைக்குப் போனது அந்த வாரம்தான்.

அந்தக் கம்மல் கதையை நான் அதுவரை கேட்டதே இல்லை. அன்றைக்குப் பேசியது இருபத்திரண்டு நிமிஷம். அந்த ராத்திரிக்குப் பிறகு, பேச்சு எந்த இடத்தில் நின்றுபோகிறது, எதைக் கேட்டால் நகர்கிறது என்று உன்னிப்பாகக் கவனிக்க ஆரம்பித்தேன். கவனித்து, முயன்று பார்த்ததை எல்லாம் இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

படி 1: “சாப்டியா”வை விட்டுவிடாதீர்கள்

அர்த்தமாகப் பேச வேண்டும் என்று முடிவு செய்கிறவர்கள் முதலில் செய்யும் தப்பு இது. “சாப்டீங்களா”, “எங்க இவ்ளோ தூரம்”, “வெயில் தாங்கல” எல்லாம் வீண் என்று ஒதுக்கிவிட்டு, நேராகப் பெரிய விஷயத்தில் இறங்குவார்கள். எதிரில் இருப்பவர் மிரண்டுபோவார்.

1923-ல் மானிடவியல் அறிஞர் மலினோவ்ஸ்கி இந்த வகைப் பேச்சைப் பற்றி எழுதினார். நலம் விசாரிப்பதும், மழை வெயில் பற்றிச் சொல்வதும் செய்தி சொல்வதற்காக அல்ல, “உன்னோடு எனக்குப் பகை இல்லை, நாம் ஒன்றாக இருக்கிறோம்” என்று காட்டுவதற்காக என்றார். நம் ஊரில் இதைச் சொல்ல அறிஞர் தேவையில்லை. தெருவில் எதிரே வரும் பெரியவரிடம் “இன்னா மாமா, கடைக்கா?” என்று கேட்காமல் போனால், சாயங்காலமே வீட்டுக்குப் புகார் வந்துவிடும். அவர் கடைக்குத்தான் போகிறார் என்பது கையில் இருக்கும் பையிலேயே தெரியும். இருந்தாலும் கேட்க வேண்டும்.

ஆகவே அதைக் கேளுங்கள், பதிலையும் கேளுங்கள். அதோடு நின்றுவிடாமல் இருப்பதற்குத்தான் அடுத்த படி.

படி 2: இரண்டாவது கேள்வி

இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதென்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் கேள்வி யாரிடம் வேண்டுமானாலும் கேட்கக்கூடியது. இரண்டாவது கேள்வி, அவர் இப்போது சொன்ன பதிலிலிருந்து பிறக்க வேண்டும். அவரால் மட்டுமே பதில் சொல்ல முடிவதாகவும் இருக்க வேண்டும்.

வேலூர் வெயிலையே எடுத்துக்கொள்வோம். சித்திரை, வைகாசியில் நாற்பது டிகிரியைத் தாண்டும் ஊரில் வெயிலைப் பற்றிப் பேசாமல் யாராலும் இருக்க முடியாது. “இன்னா வெயில்!” “ஆமா, தாங்கல.” இங்கேதான் வழக்கமாக நிற்கும். “ராத்திரி எங்க படுக்கறீங்க, மொட்டை மாடியிலயா?” என்று கேட்டுப் பாருங்கள். மாடியில் தண்ணீர் ஊற்றிப் பாய் விரிப்பது, கரண்ட் போன ராத்திரிகள், வயசான அம்மாவால் படி ஏற முடியாததால் இவரும் கீழேயே படுப்பது என்று ஒரு வீடே உங்கள் முன்னால் வந்து நிற்கும்.

பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடம் “எந்த ஊரு?” என்கிறோம். “ஆற்காடு பக்கம்” என்கிறார். “ஓ, சரி.” முடிந்தது. 2019-ல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டம் ஆனது எல்லோருக்கும் தெரியும். “அப்ப கலெக்டர் ஆபீஸ் வேலைன்னா இப்ப ராணிப்பேட்டையிலயே முடிஞ்சிடுதா, முன்ன மாதிரி வேலூருக்கு அலையறது இல்லையா?” என்று கேளுங்கள். பட்டா, முதியோர் பென்ஷன் என்று எதற்கோ அலைந்த கதை ஒன்று அவரிடம் கட்டாயம் இருக்கும்.

வேலூர்க் கோட்டைக்கு விருந்தாளியைக் கூட்டிப்போனால் நம்மில் பாதிப் பேர் “தண்ணி இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில்” என்று பழைய பேச்சைச் சொல்லிவிட்டுச் சிரிப்போம். சாமி இல்லாத கோயில் என்பது 1981 வரைதான் உண்மை. அந்த வருஷம்தான் சத்துவாச்சாரியில் வைத்திருந்த லிங்கத்தைக் கொண்டுவந்து ஜலகண்டேஸ்வரர் கோயிலில் வைத்தார்கள். அதை நேரில் பார்த்தவர்கள் இன்னும் இந்த ஊரில் இருக்கிறார்கள். அறுபது வயசைத் தாண்டிய வேலூர்க்காரர் ஒருவரிடம் “சாமி வந்த அன்னிக்கு நீங்க எங்க இருந்தீங்க?” என்று கேட்டுவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள்.

குடியாத்தம்காரர்களிடம் எனக்குக் கைவந்த கேள்வி வேறு. 2021 நவம்பரில் மோர்தானா அணை நிரம்பி, கௌண்டன்யா ஆற்றில் வெள்ளம் வந்தபோது வீட்டிலிருந்து முதலில் எதைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தீர்கள்? ஒருவர் ரேஷன் கார்டு என்றார். ஒரு அக்கா தையல் மிஷினின் தலையை மட்டும் கழற்றி எடுத்ததாகச் சொன்னார். அந்த ஒரு பதிலிலேயே அவருடைய பிழைப்பு முழுக்கத் தெரிந்துவிட்டது.

ஹார்வர்டில் கேரன் ஹுவாங்கும் அவரோடு வேலை செய்தவர்களும் 2017-ல் வெளியிட்ட ஆய்வும் இதே இடத்துக்குத்தான் வருகிறது. கேள்வி அதிகம் கேட்கிறவர்களை மற்றவர்களுக்குப் பிடிக்கிறது. அதிலும், சொன்ன பதிலைத் தொடர்ந்து கேட்கப்படும் கேள்விக்குத்தான் பலம் அதிகம். காரணம் எளிது. காது கொடுத்துக் கேட்டால்தான் அப்படி ஒரு கேள்வி வாயில் வரும்.

படி 3: கை வேலையைப் பற்றிக் கேளுங்கள்

“எப்படி இருக்கீங்க?” என்ற கேள்விக்கு நம் மக்கள் “நல்லா கீறேன்” என்பதைத் தவிர வேறு பதில் சொல்வதில்லை. நோயில் படுத்தவரும் அதையேதான் சொல்வார். மனசைப் பற்றி நேராகக் கேட்டால் கூச்சம் வந்துவிடும். கையில் இருக்கும் வேலையைப் பற்றிக் கேட்டால் அந்தக் கூச்சம் இருக்காது.

என் பெரியம்மா பீடி சுற்றுகிறார். நாற்பது வருஷப் பழக்கம். மடியில் முறம், அதில் ஒரு பக்கம் தூள், மறுபக்கம் நனைத்த சாக்கில் சுற்றிய இலை. இலைமேல் சின்னத் தகடு ஒன்றை வைத்து அந்த அளவுக்குக் கத்திரியால் வெட்டுவார். தூளை வைத்து, உருட்டி, நுனியை மடித்து, நூலைச் சுற்றி இழுத்து அறுப்பதைக் கண்ணால் தொடர்வதற்குள் ஒரு பீடி முறத்தில் விழுந்திருக்கும். நான் போகும்போதெல்லாம் “நல்லா கீறியா பெரிம்மா?” என்பேன், “கீறேன்டா” என்பார். போன வருஷம் அதற்குப் பதில் “இந்த வாட்டி இலை எப்டிப் பெரிம்மா வந்திருக்கு?” என்று கேட்டேன்.

கத்திரி நின்றது. ஒரு இலையை எடுத்து என் கையில் வைத்தார். “தொட்டுப் பாரு.” விரல் பட்டதும் ஓரம் பொடியாக உதிர்ந்தது. இலை இப்படி இருந்தால் பாதி வெட்டும்போதே கிழிந்துவிடுமாம். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்றுதான் கூலி. எண்ணிக்கை குறைந்தால் கைக்காசு போட்டு இலை வாங்கிச் சரிக்கட்ட வேண்டும். “ராத்திரி கண்ணு தெரியல, வெளிச்சம் பத்தல” என்றார். கண் ஆஸ்பத்திரிக்குப் போவதைத் தள்ளிப்போடுவது அப்புறம் தெரிந்தது. தனியாகப் போகப் பயந்து தள்ளிப்போடுகிறார் என்பது அதற்கும் அப்புறம்தான் தெரிந்தது. அடுத்த வாரம் நான் கூட்டிப்போனேன். “எப்படி இருக்கீங்க?” என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தால் இது எதுவும் தெரிந்திருக்காது.

ஆம்பூரில் ஷூ கம்பெனிக்குப் போகும் தங்கையிடம் “வேலை எப்டி” என்று கேட்காமல், “இப்ப எந்த வேலையில போட்டிருக்காங்க, தையலா, கட்டிங்கா?” என்று கேளுங்கள். முள்ளுக் கத்திரிக்காய் பயிர் வைத்திருக்கும் இலவம்பாடி மாமாவிடம் விலையை மட்டும் கேட்டு விடாமல், காய் பறிக்கும்போது முள் குத்துவதை எப்படிச் சமாளிக்கிறார் என்று கேளுங்கள். வேலை தெரிந்தவர்களுக்கு அதைச் சொல்லிக்கொடுப்பது பிடிக்கும்.

படி 4: பொறுங்கள்

கேள்வியைக் கேட்டுவிட்டு நாமே பதிலையும் சொல்லிவிடுகிறோம். “கஷ்டமா இருக்கா? இருக்கும், இருக்கும், எல்லாம் சரியாயிடும்.” அவர் வாயைத் திறக்கவே இடம் கிடைப்பதில்லை.

மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வியாளர் அறிவியல் வகுப்புகளைப் பதிவு செய்து கேட்டார். ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருந்தார்கள். அதை மூன்று விநாடிக்கு நீட்டியதும் பிள்ளைகளின் பதில் நீண்டது, “தெரியாது” குறைந்தது, வாயே திறக்காத பிள்ளைகளும் பேச ஆரம்பித்தார்கள். அப்பா அன்றைக்குச் சும்மா இருந்த அந்தக் கொஞ்ச நேரத்தில் நான் “ஹலோ, ஹலோ” என்று கத்தியிருந்தால் “ஒண்ணும் இல்ல” என்று முடித்திருப்பார். மனசுக்குள் மூன்று எண்ணுங்கள். பெரியவர்களுக்கு ஐந்து.

படி 5: நீங்களும் கொஞ்சம் சொல்லுங்கள்

கேள்வி மேல் கேள்வி கேட்டால் போலீஸ் விசாரணை மாதிரி ஆகிவிடும். இரண்டு கேட்டால் ஒன்று சொல்லுங்கள். பெருமை பேச வேண்டாம், ஆலோசனையும் வேண்டாம். “எனக்கும் ராத்திரி ரெண்டு மணிக்கு முழிப்பு வந்துடுது அண்ணா, அப்புறம் தூக்கமே வர்றதில்ல” என்கிற அளவு போதும். ஆனால் அவர் கதையைப் பாதியில் பிடுங்கிக்கொண்டு உங்கள் கதையை ஓட்டாதீர்கள். இதில் நான் பல தடவை தவறியிருக்கிறேன். “எனக்கும் அப்படித்தான்” என்று ஆரம்பித்தால் இரண்டு வாக்கியத்தில் முடித்துவிட்டு, “நீங்க சொல்லுங்க” என்று திருப்பிக் கொடுக்கப் பழகியிருக்கிறேன்.

படி 6: ஆழமாகப் பேசுவது வேறு, நோண்டுவது வேறு

வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்குச் சொந்தமெல்லாம் குடியாத்தத்தில் கூடும். வெளியூரில் வேலை செய்யும் பிள்ளைகள் லீவு போட்டு வருவார்கள். வந்ததும் ஆரம்பிக்கும். “சம்பளம் எவ்ளோ?” “கல்யாணம் எப்ப?” “விசேஷம் ஏதாவது?” கேட்பவர்களுக்குத் தாங்கள் அக்கறையாகக் கேட்பதாகவே எண்ணம். என் மாமா பெண் ஒருத்தி, மூன்றாவது கேள்விக்காகவே இரண்டு வருஷம் திருவிழாவுக்கு வரவில்லை.

நான் வைத்துக்கொண்டிருக்கும் சோதனை இதுதான். கேள்விக்கு ஒரு எண்ணோ, தேதியோ, ஆமா இல்லை என்பதோ பதிலாக வந்து, அதைக்கொண்டு அவரை அடுத்தவரோடு ஒப்பிட முடியுமானால், அதைக் கேட்பதில்லை. “இவ்ளோ நாள் கழிச்சு வந்தியே, முதல்ல இன்னா சாப்டணும்னு தோணுச்சு?” என்று கேட்டால் அவள் எவ்வளவு வேண்டுமானாலும் சொல்லலாம், ஒரு வார்த்தையில் முடித்துக்கொள்ளவும் செய்யலாம். முடித்துக்கொண்டால் விட்டுவிடுங்கள். பேச விருப்பமில்லை என்பதும் ஒரு பதில்தான்.

இன்னொன்று. அங்கே இல்லாதவரைப் பற்றிப் பேசினால் பேச்சு சட்டென்று சூடுபிடிக்கும். சுவையாகவும் இருக்கும். ஆனால் எழுந்து போகும்போது, பேசிய இரண்டு பேருக்கும் ஒருவரைப் பற்றி ஒருவருக்குப் புதிதாக எதுவும் தெரிந்திருக்காது.

படி 7: ஆஸ்பத்திரியும் சாவு வீடும்

வார்த்தை கிடைக்காமல் தவிப்பது இந்த இரண்டு இடத்தில்தான். அதனால்தான் வாய்க்குப் பழகியதைச் சொல்லிவிட்டு வருகிறோம்.

1900-ல் அமெரிக்க டாக்டர் ஐடா ஸ்கடர் ஒரே ஒரு கட்டிலோடு தொடங்கிய மருத்துவமனை சி.எம்.சி.யாக (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) வளர்ந்ததால், வேலூரில் நோயாளியோடு பேசாமல் ஒரு நாளும் கழியாது. சொந்தக்காரர்கள் வருகிறார்கள். வங்காளத்திலிருந்தும், வங்கதேசத்திலிருந்தும், வடகிழக்கிலிருந்தும் யாரென்றே தெரியாதவர்களும் வருகிறார்கள். லாட்ஜ் போர்டுகளில் வங்காள எழுத்து. எனக்குப் பழக்கமான டீக்கடை அண்ணன் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்தவர். “பாலோ ஆச்சேன்?” என்று கேட்டுவிட்டு, “சக்கரை கம்மியா?” என்று கையாலேயே கேட்பார். மறுநாள் அதே ஆள் வந்தால் கேட்காமலே சர்க்கரை குறைத்துக் கொடுப்பார். அந்த மனுஷன் முகம் மலர்வதைப் பார்த்திருக்கிறேன். முன்பின் தெரியாத ஊரில் ஒருவர் தன்னை நினைவு வைத்திருக்கிறாரே என்கிற நிம்மதி அது.

படுக்கைக்குப் பக்கத்தில் சொல்லக் கூடாதவை: “ஒண்ணும் ஆகாது”, “எங்க ஊர்ல ஒருத்தருக்கு இதேதான் வந்துச்சு”, “முன்னாடியே பாத்திருக்கணும்.” முதலாவது அவர் பயத்தை வெளியே சொல்லவிடாமல் செய்துவிடும். மற்ற இரண்டும் பயத்தைக் கூட்டும். கேட்கக் கூடியவை: “ராத்திரி எத்தனை மணிக்குத் தூங்கினீங்க?” “வீட்ல எந்த வேலை நிக்குது?” இரண்டாவது கேள்விக்கு வரும் பதிலைக் கவனியுங்கள். மாடு, பள்ளிக்கூடம் போகும் பிள்ளை, குழுக் கடன் தவணை என்று வரும். “எதுனா வேணும்னா சொல்லுங்க” என்றால் யாரும் சொல்ல மாட்டார்கள். “நாளைக்குக் காலையில ரத்த டெஸ்ட் ரிசல்ட்டை நான் போய் வாங்கியாரேன், நீங்க தூங்குங்க” என்று சொன்னால் வேண்டாம் என்றும் சொல்ல மாட்டார்கள்.

சாவு வீட்டில் எல்லோரும் கேட்பது “எப்டி ஆச்சு?” என்பதுதான். எங்கள் தெருவில் ஒரு அண்ணன் திடீரென்று போனபோது, அண்ணி அதை வருகிறவர்களிடம் எல்லாம் ஆரம்பத்திலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார். காலையில் எழுந்தார், நெஞ்சு எரியுது என்றார், சோடா கேட்டார். பத்துப் பேர், இருபது பேர், ஒவ்வொருவருக்கும் சோடாவிலிருந்து. அவர் குரல் தேய்ந்துகொண்டே போனது. பக்கத்துத் தெருத் தாத்தா ஒருவர் வந்து உட்கார்ந்தார், எதுவும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னார்: “போன மழைக்கு எங்க வீட்டு ஓட்டை அவன்தான்மா ஏறி மாத்திக் குடுத்தான். கூலின்னு நூறு ரூபா நீட்டினேன், வாங்கல.” அண்ணி தலை நிமிர்ந்து, “எனக்குச் சொல்லவே இல்லியே” என்றார். அழுதார்தான். ஆனால் சோடா கதையை விட்டு வெளியே வந்தார்.

அன்றிலிருந்து துக்கம் விசாரிக்கப் போகும் வழியில், போனவர் எனக்கோ என் கண் முன்னால் வேறு யாருக்கோ செய்த ஒன்றை நினைத்து எடுத்துக்கொண்டுதான் போகிறேன். சின்னதாக இருந்தால் நல்லது. அதைச் சொல்லத் தோதான நேரம் வராவிட்டால் பேசாமல் உட்கார்ந்துவிட்டு வரலாம், தப்பில்லை. காரியம் முடிந்த பிறகு ஒரு தடவை போங்கள். கூட்டம் எல்லாம் கலைந்து, அண்ணி பேச நினைக்கும் நேரம் அதுதான்.

படி 8: ஞாபகம் வையுங்கள்

அமெரிக்காவின் அரிசோனா பல்கலைக்கழகத்தில் மத்தியாஸ் மேல் என்ற உளவியலாளரின் குழு 79 மாணவர்களிடம் சின்ன ஒலிப்பதிவுக் கருவியைக் கொடுத்து, நாலு நாள் பேச்சைத் துண்டு துண்டாகப் பதிவு செய்தது. 2010-ல் வெளியான முடிவின்படி, அதிக மகிழ்ச்சியோடு இருந்தவர்களிடம் பொருளுள்ள பேச்சு, மகிழ்ச்சி குறைந்தவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு இருந்தது. பேச்சால் மகிழ்ச்சி வந்ததா, மகிழ்ச்சியால் பேச்சு வந்ததா என்பதை அந்த ஆய்வு சொல்லவில்லை. அதே குழு 2018-ல் இன்னும் அதிகம் பேரை வைத்துப் பார்த்தபோது பொருளுள்ள பேச்சின் தொடர்பு நிலைத்தது. சும்மா பேசுவதால் கெடுதல் எதுவும் தெரியவில்லை. படி 1-ல் சொன்னதை அதனால்தான் தைரியமாகச் சொல்கிறேன்.

நான்கு நாள் பேச்சில் இவ்வளவு என்றால், நாலு வருஷம் தொடரும் பேச்சுக்கு ஞாபகம் வேண்டும். போனில் ஒரு குறிப்பு வைத்திருக்கிறேன். பெயர், அதற்கு நேராக ஒரு வரி. “பெரியம்மா: கண்ணாடி மாற்றச் சொன்னார்கள், தை மாதம்.” “டீக்கடை அண்ணன்: மகள் பன்னிரண்டாவது பரீட்சை.” அடுத்த தடவை பார்க்கும் முன் ஒரு கண் ஓட்டிவிட்டுப் போவேன். “பரீட்சை முடிஞ்சுதா?” என்று கேட்டால் அதற்குமேல் நான் எதுவும் கேட்க வேண்டியிருக்காது. எழுதி வைத்துக் கேட்பது செயற்கை என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மறந்துவிடக் கூடாது என்று நினைப்பவர்களுக்குத்தான் எழுதி வைக்கத் தோன்றும்.

போனில் பேசுவதற்கு மட்டும் இரண்டு சின்னக் குறிப்புகள். நடந்துகொண்டோ சமைத்துக்கொண்டோ பேசாதீர்கள், மூச்சு வாங்குவதும் பாத்திரச் சத்தமும் அந்தப் பக்கம் கேட்கும், அவர் சீக்கிரம் முடித்துக்கொள்வார். தினமும் பேச முடியாவிட்டால் வாரத்துக்கு மூன்று நாளாகக் குறைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அன்றைக்குப் பதினைந்து நிமிஷம் ஒதுக்குங்கள்.

போன செவ்வாய்க்கிழமை வழக்கம்போல எட்டரைக்குப் போட்டேன். சாப்பாடு, மழை எல்லாம் ஆயிற்று. நான் அடுத்த கேள்வியைத் தேடிக்கொண்டிருக்கும்போது அப்பா கேட்டார்: “உங்க ஆபீஸ்ல அந்தப் பையன், அம்மாவை ஆஸ்பத்திரியில சேத்திருக்கான்னு சொன்னியே, வீட்டுக்கு அனுப்பிச்சிட்டாங்களா?”